கறுப்பு முதலில், சாம்பல் பிறகு

வீடுபோன்ற பயண வண்டியான ஆர்.வி. வாங்கப்போகிறோம், ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று நண்பர்கள் கேட்டால், படுக்கை எத்தனை, ஏசி எப்படி என்ற கேள்விகளையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு, வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள் என்றுதான் நான் முதலில் சொல்வேன். ஓட்டுநர் பக்கமாக மூன்று அங்குல அகலத்தில் ஒரு குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் வாயில் ஒரு மூடி. பக்கத்தில் இழுப்பதற்கு இரண்டு கைப்பிடிகள். அந்தக் கைப்பிடிகள் இரண்டும் ஒழுங்காக வேலை செய்தால்தான் மேலே இருக்கும் வசதிகளை நிம்மதியாக அனுபவிக்க முடியும்.

நாங்கள் இருப்பது அரிசோனா மாநிலம் பீனிக்ஸில். கோடையில் ஊர் கொதிக்கும்போது வடக்கே ஃபிளாக்ஸ்டாஃப் மலைப்பக்கம் போய்விடலாம் என்றுதான் 26 அடி டிரெய்லர் ஒன்றைப் பழையதாக வாங்கினோம். பிக்கப் வண்டியின் பின்னால் கட்டி இழுத்துப்போகிற வகை. அடுப்பு, ஃபிரிட்ஜ், குளியலறை, கழிப்பறை எல்லாம் உள்ளேயே உண்டு. ஓட்டுவது என் கணவர். தொட்டிகள் என் பொறுப்பு. இந்தப் பொறுப்பை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். வீட்டைக் கவனிக்கிறவர்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று தெரிந்திருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

வண்டியில் மூன்று தொட்டிகள். ஒன்று நல்ல தண்ணீருக்கு. இரண்டாவது, சமையலறைத் தொட்டியிலும் குளியலறையிலும் ஓடுகிற தண்ணீர் சேரும் தொட்டி. அதைச் சாம்பல் தொட்டி என்பார்கள். மூன்றாவது கறுப்புத் தொட்டி. கழிப்பறையிலிருந்து நேரே கீழே விழுவது அதற்குள். எங்கள் வண்டியில் கறுப்புத் தொட்டி 30 கேலன் பிடிக்கும், அதாவது 113 லிட்டர் அளவு. நிரம்பினால் அதன் எடை மட்டுமே நூறு கிலோவுக்கு மேல். ஒரு நாலு பேர் குடும்பம் சிக்கனமாக இருந்தால் சில நாள் தாங்கும். பிறகு காலி செய்தாக வேண்டும். தண்ணீர், மின்சாரம், சாக்கடை என்று முழு இணைப்புள்ள முகாம் என்றால் நிறுத்துகிற இடத்திலேயே தரையில் சாக்கடைக் குழி வாய் இருக்கும். இல்லாவிட்டால் டம்ப் ஸ்டேஷன் என்று பொது இடம் இருக்கிறது, அங்கே வரிசையில் நிற்க வேண்டும். கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி பூங்கா முகாம்கள் எதிலும் தனித்தனி இணைப்பு கிடையாது. அப்பர் பைன்ஸ் முகாமுக்குப் பக்கத்தில் இருப்பதுபோன்ற டம்ப் ஸ்டேஷனுக்குத்தான் போக வேண்டும். யெல்லோஸ்டோன் அவ்வளவு பெரிய பூங்கா, அதில் சாக்கடை இணைப்போடு இருக்கிற முகாம் ஃபிஷிங் பிரிட்ஜ் ஒன்றே ஒன்றுதான்.

ராபின் வில்லியம்ஸ் நடித்து 2006இல் வந்த ‘ஆர்.வி.’ படத்தில் கழிவு ஊற்றாகப் பீறிட்டு அடிக்கும் காட்சி ஒன்று உண்டு. அதைப் பார்த்துவிட்டு இந்த வேலைக்குப் பயந்தவர்கள் பலர். பயப்பட ஒன்றும் இல்லை. தொட்டியிலிருந்து வெளியே வருவது புவியீர்ப்பால் மட்டும்தான். எது முன், எது பின் என்று தெரிந்தால் பத்து நிமிட வேலை.

முதலில் கையுறை. இரண்டு வால்வுகளும் மூடியிருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்ட பிறகே குழாயின் மூடியைத் திறக்க வேண்டும். அதற்கு முன் அடியில் ஒரு பழைய வாளியை வைப்பது நல்லது. கழிவு ஹோஸின் ஒரு முனையைப் பொருத்தி, கொக்கிகள் கவ்வும்வரை திருக வேண்டும். மறுமுனை குழிக்குள் இறுக நிற்க வேண்டும். அதன் மேல் கல்லைத் தூக்கி வைக்கிறவர்களும் உண்டு; திருகு மரையுள்ள பொருத்தியை வாங்கிவிட்டால் கல் வேண்டாம். பிறகு கறுப்புத் தொட்டியின் வால்வை ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். தயங்கித் தயங்கி இழுத்தால் தண்ணீர் முன்னால் ஓடிவிடும், கெட்டியானது உள்ளே தங்கிவிடும். சத்தம் அடங்கியதும் அதை மூடிவிட்டுச் சாம்பல் வால்வைத் திறக்கலாம். கறுப்பு முதலில், சாம்பல் பிறகு என்பதற்குக் காரணம் இதுதான்: சோப்புத் தண்ணீர் பின்னால் வந்து ஹோஸை அலசிக்கொண்டு போகும். மாற்றிச் செய்தால் அந்த அலசல் இல்லை, நாற்றமெடுத்த ஹோஸைச் சுருட்டி வண்டியில் ஏற்ற வேண்டியிருக்கும்.

இதைவிட முக்கியமான விதி ஒன்று உண்டு. முழு இணைப்புள்ள முகாமில் ஹோஸை மாட்டிவிட்டு, இனி எதற்குக் கவலை என்று கறுப்பு வால்வைத் திறந்தபடியே விடக் கூடாது. நாங்கள் வாங்கிய வண்டியின் பழைய சொந்தக்காரர் அப்படித்தான் மாதக்கணக்கில் விட்டிருந்தார். திறந்திருக்கும்போது தண்ணீர் உடனுக்குடன் வழிந்துவிடும். திடக்கழிவும் காகிதமும் விழுந்த இடத்திலேயே தங்கி, காய்ந்து, கழிப்பறைக் குழாய்க்கு நேர் கீழே மேடாக உயரும். இங்கே அதைப் பிரமிடு என்கிறார்கள். எங்கள் தொட்டியில் அது கல்லாகியிருந்தது. தொட்டியை விளிம்புவரை தண்ணீரால் நிரப்பி நாள்கணக்கில் ஊறவிட்டு, அப்படியே வண்டியை ஓட்டிக் குலுக்கி, வடித்து, மறுபடி நிரப்பி, மறுபடி வடித்துத்தான் கரைத்தோம். ஐஸ் கட்டிகளைக் கொட்டி ஓட்டினால் சுரண்டி எடுத்துவிடும் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை; தண்ணீரில் மிதந்து கரைகிற ஐஸ் எதைச் சுரண்டும்? ஊறிய தண்ணீரும் பொறுமையும்தான் வேலை செய்தன.

ஆகவே, மூன்றில் இரண்டு பங்காவது நிரம்பும்வரை வால்வு மூடியே இருக்கட்டும். தொட்டி அகலமானது, உயரம் குறைவு, அடிப்பாகமும் அநேகமாகத் தட்டை. நிறைய தண்ணீர் ஒரே மூச்சில் வெளியேறினால்தான் அந்த வேகத்தில் எல்லாம் அடித்துக்கொண்டு போகும். காலி செய்தவுடன் சில கேலன் தண்ணீரை உள்ளே விட்டு அடிப்பாகத்தை மூடிவைக்க வேண்டும். அடுத்து விழுவது தண்ணீரில் விழட்டும்.

இந்த இடத்தில் நம் ஊர்ப் பழக்கம் நமக்குக் கைகொடுக்கிறது. அமெரிக்கர்கள் காகிதம் பயன்படுத்துகிறார்கள், தண்ணீரைக் கொஞ்சமாக விடுகிறார்கள், அதனால் அடைப்பு. ஆர்.வி.க்கென்றே சீக்கிரம் கரையும் காகிதம் விற்கிறது. ஒரு சீசாத் தண்ணீரில் ரெண்டு தாளைப் போட்டுக் குலுக்கினால் கரைகிறதா என்று தெரிந்துவிடும். நாம் கழுவுகிறவர்கள். ஒவ்வொரு முறையும் ஒரு குவளைத் தண்ணீர் கூடுதலாக உள்ளே போகிறது, காகிதம் ஏறக்குறைய இல்லை. தொட்டி சற்று முன்னதாக நிரம்பும், உண்மைதான். ஆனால் சுத்தமாகக் காலியாகும். எங்கள் கழிப்பறையில் கை ஷவர் ஒன்றை மாட்டியிருக்கிறோம். அதற்குப் பிறகு அடைப்பு என்ற பேச்சே எழவில்லை.

மாமியார் மயிலாடுதுறையிலிருந்து வந்திருந்தபோது அவர்களையும் கூட்டிக்கொண்டு போனோம். முதல் நாள் குளித்துவிட்டு வந்தவர்கள் கேட்டார்கள்.

“ஏம்மா, இந்தத் தண்ணியெல்லாம் எங்க போவுது?”

“எங்கயும் போகல அத்தை. நம்ம காலுக்குக் கீழதான் இருக்கு.”

“காலுக்குக் கீழயா? அப்புறம் யாரு வந்து எடுப்பாங்க?”

“நான்தான்.”

மறுநாள் நான் கையுறை மாட்டிக்கொண்டு ஹோஸோடு இறங்கியபோது, நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு முழுவதையும் பார்த்தார்கள். எங்கள் வரிசையில் ஓய்வுபெற்ற மருத்துவர் ஒருவர் இருந்தார். அவரும் தன் வண்டிக்குப் பக்கத்தில் மண்டிபோட்டு அதே வேலையைச் செய்துகொண்டிருந்தார். அத்தை அன்று சாயங்காலம்தான் சொன்னார்கள். அவர்கள் சிறுமியாக இருந்தபோது வீட்டின் பின்பக்கம் எடுப்புக் கக்கூஸ். சந்து வழியாக ஒரு பெண் வாளியோடு வந்து அள்ளிக்கொண்டு போவார். “அந்தம்மா பேருகூட எங்களுக்குத் தெரியாது. மொகத்த யாரும் பாத்ததில்ல” என்றார்கள். அதற்கு மேல் பேசவில்லை.

அந்தப் பேச்சு எனக்கு இந்த வேலையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது, காரணமும் உண்டு. கறுப்புத் தொட்டிக்குள் காற்றில்லாத இடத்தில் கழிவு அழுகும்போது மீத்தேனும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் உண்டாகின்றன. அழுகிய முட்டை நாற்றம் இந்த இரண்டாவது வாயுவினுடையது. வண்டியில் அதன் அளவு குறைவு. தொட்டியிலிருந்து கூரைவரை போகும் குழாய் அதை வெளியேற்றிவிடும். நம் ஊர் செப்டிக் டேங்கிலும் பாதாளச் சாக்கடையிலும் இறங்கும் மனிதரைக் கொல்வது பெரும்பாலும் இதே வாயுதான். அளவு கூடும்போது அது மூக்கின் உணர்வையே மழுங்கடித்துவிடும், நாற்றம் நின்றுவிட்டதென்று நினைக்கும்போதே ஆள் விழுந்துவிடுவார். கையால் மலம் அள்ளும் வேலைக்கு ஆளை அமர்த்துவதைத் தடுக்கும் சட்டம் 2013இல் வந்தது. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது. 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. சாவு நின்றபாடில்லை. இயந்திரத்தாலும் வால்வாலும் ஹோஸாலும் மனிதர் தொடாமல் செய்துவிடக்கூடிய வேலை இது என்பதை ஒவ்வொரு முறையும் என் கையாலேயே செய்து பார்க்கிறேன். அதனால்தான் ஊரில் ஒருவர் குழிக்குள் இறக்கப்பட்டார் என்ற செய்தியைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

வாயுவைப் பற்றிப் பேசும்போதே இன்னொன்று. வண்டிக்குள் திடீரென்று நாற்றம் வந்தால் உடனே மருந்தைத் தேடாதீர்கள். கூரை மின்விசிறி ஓடும்போது கழிப்பறை மிதியை அழுத்தினால், விசிறி தொட்டிக் காற்றை உள்ளே இழுக்கும். விசிறியை நிறுத்திவிட்டு மிதியுங்கள். கோப்பையில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும். அது நிற்காமல் இறங்கினால் அடியிலுள்ள ரப்பர் சீல் போய்விட்டது என்று பொருள். நாள்பட நிறுத்திவைத்த வண்டியில் சமையலறைத் தொட்டிக்கு அடியிலுள்ள வளைகுழாயின் தண்ணீர் வற்றி, அந்த வழியாகவும் நாற்றம் ஏறும். ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும். மருந்து வாங்கத்தான் வேண்டுமென்றால் ஃபார்மால்டிஹைடு கலந்ததை வாங்காதீர்கள். பல முகாம்களின் கழிவு செப்டிக் டேங்குக்குத்தான் போகிறது, அங்கே கழிவைச் சிதைக்கிற நுண்ணுயிர்களை அது கொன்றுவிடும்.

சுவரில் மாட்டியிருக்கும் அளவுகாட்டியை நம்ப வேண்டாம். தொட்டியின் சுவரில் வெவ்வேறு உயரத்தில் உலோக முனைகள் இருக்கும். அவற்றைத் தண்ணீர் தொட்டதும் மின்சாரம் பாய்ந்து விளக்கு எரியும். ஈரக் காகிதமோ அழுக்கோ முனையில் ஒட்டிக்கொண்டால் காலித் தொட்டியும் நிறைந்ததாகவே காட்டும். டார்ச் அடித்துப் பார்ப்பதே மேல்.

இனி வால்வு. இந்த வண்டியில் எனக்குப் பிடித்த பொருள் அதுதான். உள்ளே இருப்பது மெல்லிய ஒரு பிளாஸ்டிக் பலகை, அதன் இருபுறமும் ரப்பர் சீல். கைப்பிடியை இழுத்தால் பலகை விலகும், தள்ளினால் காடியில் போய்ப் பொருந்தும். ஊரில் எங்கள் வயலில் மடைப் பலகையைத் தூக்கி இறக்குவதுபோலத்தான். மடையில் ஒரு சுள்ளி சிக்கினால் பலகை முழுதாக இறங்காது, கசியும். இதிலும் அப்படியே. காடியில் முடியோ காகிதத் துணுக்கோ மாட்டினால் வால்வு மூடியதாகத் தெரியும், ஆனால் உள்ளே சொட்டிக்கொண்டிருக்கும். அது தெரியாமல் வெளிமூடியைத் திறந்தால் குழாயில் தேங்கியிருந்ததெல்லாம் காலில் கொட்டும். அதற்காகத்தான் குழாயின் வாயில் திருகி மாட்டும் இரண்டாவது வால்வு ஒன்றை வாங்கிப் போட்டேன். முதல் வால்வு கசிந்தாலும் அது பிடித்துக்கொள்ளும். கண்ணாடிபோல் தெளிந்த பிளாஸ்டிக் முழங்கை ஒன்றும் கிடைக்கிறது. ஓடுவது கறுப்பா, தெளிந்துவிட்டதா என்று அதில் பார்த்தே வேலையை முடிக்கலாம்.

வால்வு இறுகிப்போனால் இழுத்து முறிக்காதீர்கள். பெட்ரோலிய எண்ணெயோ வாசலினோ போட்டால் ரப்பர் உப்பிக் கெட்டுவிடும். சிலிகான் மசகோ, தொட்டிக்கென்று விற்கும் மசகோதான் போட வேண்டும். அதற்கும் சரியாகாவிட்டால் வால்வையே மாற்றலாம், பெரிய வித்தை இல்லை. தொட்டியைக் காலி செய்து நன்றாக அலசியபின், நாலு போல்ட்டைக் கழற்றினால் வால்வு குழாய்களுக்கு நடுவிலிருந்து நழுவி வரும். புதிய சீல்கள் இரண்டையும் மசகு தடவி உட்காரவைத்து, அவை மடங்காமல் பார்த்துக்கொண்டு புதிய வால்வைச் செருகி, போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் இறுக்கிக்கொண்டே போனால் சீல் பிதுங்கும். முடித்ததும் முதலில் நல்ல தண்ணீரை விட்டுச் சோதித்துப் பாருங்கள். பெரிய வண்டிகளில் வால்வு வயிற்றுப்பகுதிக்குள் மறைந்திருக்கும், கைப்பிடிக்கும் அதற்கும் நடுவே கம்பி ஓடும். கம்பி விறைத்துப்போய், கைப்பிடி உள்ளே போனாலும் பலகை முழுதாக மூடாமல் நிற்பது அவற்றில் அடிக்கடி வரும் கோளாறு. அதை மெக்கானிக்கிடம் விடுவதே சரி.

சாம்பல் தொட்டியை யாரும் மதிப்பதில்லை. சோப்புத் தண்ணீர்தானே என்கிறார்கள். பீனிக்ஸ் வெயிலில் அது கறுப்பைவிட மோசமாக நாறும். காரணம் எண்ணெயும் சோறும். நம் சமையலைச் சமைத்த பாத்திரத்தை அப்படியே அலம்பினால் எண்ணெய், மஞ்சள், கஞ்சிப் பசை எல்லாம் தொட்டிச் சுவரில் படியும். எங்கள் வண்டியில் தட்டையும் வாணலியையும் காகிதத்தால் துடைத்துக் குப்பையில் போட்ட பிறகே தண்ணீர் காட்டுவது. கஞ்சி வடிப்பது கிடையாது, குக்கர்தான். தாளித்த கடுகு ஒன்று போதும், வால்வுக் காடியில் போய் உட்கார்ந்துகொள்ள. நெருக்கமான சல்லடை ஒன்றை ஓட்டையில் போட்டுவிடுங்கள். முழு இணைப்பு இருந்தாலும் சாம்பல் வால்வை எப்போதும் திறந்தே வைக்காதீர்கள். முகாமின் சாக்கடைக் குழாயிலிருந்து நாற்றமும் ஈயும் அந்த வழியாக மேலே வரும். கறுப்பைக் காலி செய்தபின் ஹோஸை அலசத் தண்ணீரும் இருக்காது.

குளிர்காலத்தில் மலைப்பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வரி: தொட்டியில் தண்ணீரோடு வண்டியை உறைபனியில் நிறுத்தாதீர்கள், வால்வு வெடித்துவிடும். இளஞ்சிவப்பு நிறத்தில் ஆர்.வி.க்கென்று விற்கும் உறைதடுப்பியையே ஊற்றுங்கள். காருக்கு ஊற்றுவது விஷம்.

கிராண்ட் கேன்யனின் தென்விளிம்புக்குப் போகும்போதெல்லாம் நான் தண்ணீரை அளந்து செலவழிப்பேன். அங்கே குழாயில் வருவது வடவிளிம்புக்குக் கீழே ரோரிங் ஸ்பிரிங்ஸ் என்ற ஊற்றிலிருந்து. 1960களில் போட்ட 12.5 மைல் நீளக் குழாய் பள்ளத்தாக்கைக் கடந்து வருகிறது, அடிக்கடி உடைகிறது. 2024 ஆகஸ்டு கடைசியில் பல இடங்களில் உடைந்து, விடுதிகளில் இரவு தங்குவதையே நிறுத்திவைத்தார்கள். இதே தென்விளிம்பிலுள்ள ஊரில்தான் 1926இலேயே கழிவுநீரைச் சுத்திகரித்து, தனிக்குழாய் வழியாகக் கழிப்பறைகளுக்கும் புல்தரைக்கும் திருப்பி விட்டார்கள். அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் இடம் அது. நூறு வருஷத்துக்கு முன்பே கழிவுநீருக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த ஊரில், ஒரு வாளிச் சாம்பல் தண்ணீரைப் புதரோரம் ஊற்ற எனக்கு மனம் வராது.

அமெரிக்காவில் பிள்ளைகளைப் பார்க்க வந்து, விடுமுறைக்கு ஆர்.வி. வாடகைக்கு எடுக்கும் தமிழ்க் குடும்பங்கள் இப்போது நிறைய. சாவியை வாங்குமுன் தொட்டிகள் காலியா என்று கேளுங்கள். இரண்டு வால்வுகளையும் உங்கள் முன்னாலேயே இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். கழிவு அலசும் ஹோஸையும் குடிதண்ணீர் ஹோஸையும் தனித்தனியாக வையுங்கள். குடிதண்ணீருக்கு உரியது அநேகமாக வெள்ளை அல்லது நீலம், இரண்டும் ஒன்றையொன்று தொடவே கூடாது. கறுப்புத் தொட்டியை உள்ளிருந்து அலசும் இணைப்பு இருந்தால், வால்வு திறந்திருக்கும்போது மட்டுமே தண்ணீரைத் திறங்கள். மூடிய தொட்டியில் அது நிரம்பிக் கழிப்பறை வழியாகவோ கூரை வழியாகவோ பொங்கும். டம்ப் ஸ்டேஷனை விட்டுக் கிளம்புமுன் கான்கிரீட் தரையில் சிந்தியதைக் கழுவிவிடுங்கள், குழியின் மூடியை மூடுங்கள். அசுத்தம் செய்கிறார்கள் என்ற காரணத்துக்காகவே இந்த இடங்களை மூடிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் விட்டுப்போனதை உங்களுக்குப் பின்னால் நிற்கிறவர் சுத்தம் செய்யும்படி வைக்காதீர்கள்.